அப்பளம் வராத பந்தி

இன்னும் கால் மணி நேரத்தில் சென்னியப்பன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழப்போகிறது என்பது அந்தக் கூடத்தில் அவருக்கும் அவர் மனைவி வசந்தாமணிக்கும் மட்டுமே தெரியும். பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு தொங்கிய டிவியில் ‘எதிர் வீட்டு ஏகாம்பரம்’ ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலானால் ஏதாவது ஒரு சேனல்காரனுக்கு அந்தப் படத்தை விட்டால் கதியில்லை, அது ஊருக்கே தெரிந்த சங்கதி, தெரிந்தும் ஞாயிறாகப் பார்த்து மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பி வந்தது யார் குற்றம், எமகண்டம் பிறக்கும் முன்னே போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று நேரம் குறித்தவள் வசந்தாமணி, அவள் எமகண்டத்தைத்தான் பார்த்தாள், டிவியில் என்ன போடுவான் என்று பார்க்கவில்லை. இப்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டிவி என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத மாதிரி, எதிர்ச் சுவரிலிருந்த சாமி படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையனின் அப்பா அர்த்தநாரி திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்து நடத்துகிறவர். பேச்சு சம்பந்தத்திலும் கண் டிவியிலுமாக இருந்தார். “ரெண்டு வண்டி ஆந்திராவுல ஓடுதுங்க, ஒண்ணு ஒரிசாவுல” என்றவர் அதே மூச்சில், “இப்பப் பாருங்க, நாய் வேட்டியப் புடிக்கும்” என்றார். நாய் வேட்டியைப் பிடித்தது. அர்த்தநாரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சென்னியப்பன் மேலுதட்டைத் தடவிக்கொண்டார், அங்கே மீசை இல்லை.

மீசை நேற்று சாயங்காலம் போனது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து, விசிலும் மீசையுமாகப் பிள்ளைகளை மைதானத்தில் சுற்ற விட்ட மனிதர் கண்ணாடி முன் நிற்க, வசந்தாமணி பின்னால் நின்று, “எடுங்க, பொண்ணு வாழ்க்கையவிட மசுரு பெருசில்ல” என்றாள். தலைமுடி தானாகவே போய்விட்டது, அந்தச் சுருட்டை முடி, அவர் ஒரே ஒரு காட்சியில் வரும் இந்தப் படத்தில் பந்தல் வெளிச்சம் பட்டு மினுங்கும் முடி. மிச்சமிருந்த அடையாளம் மீசை ஒன்றுதான். ஆனால் கன்னத்தை என்ன செய்வாள், கன்னம் அதே கன்னம், அறை வாங்கிய இடது கன்னம் அர்த்தநாரி உட்கார்ந்திருக்கும் பக்கமாகவே இருக்கிறது. ஃபேன் காற்று மேலுதட்டில் பட்டபோது சட்டையில்லாமல் சபையில் உட்கார்ந்திருப்பதுபோலக் கூச்சமாக இருந்தது. வரும் வழியெல்லாம் காரில் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள், கௌரவம் பாக்கற குடும்பமுங்க, போன வருசம் ஒரு சம்பந்தம் பேசி பொண்ணோட சித்தப்பன் கூத்தாடறவன்னு தெரிஞ்சு வேண்டாம்னுட்டாங்களாம், நீங்க சினிமான்னு வாயத் தொறந்துடாதீங்க. அவரும் தலையாட்டினார். தாரணி ஆசைப்பட்ட பையன், பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை, அவர்களே பேசி முடித்துவிட்டுப் பெரியவர்கள் பார்த்து வைத்தமாதிரி இருக்கட்டும் என்று இரண்டு வீட்டுக்கும் ஜாதகத்தை அனுப்பிய கெட்டிக்காரப் பிள்ளைகள். பெற்ற மகள் கேட்ட ஒன்றே ஒன்று இது, அதுவும் வாய்விட்டுக் கேட்கவில்லை, போனில் “அப்பா, பாத்துட்டு வாங்க” என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை அவர் நேற்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். பையன் வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாளா, தன் வாயைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாளா என்று தெரியவில்லை.

திரையில் வாடகை கேட்டு வீட்டுக்காரன் கதவைத் தட்டுகிறான். இனி ஏகாம்பரம் பரணில் ஒளிவான், பரண் உடையும், மாவுப் பானைக்குள் விழுவான், அப்புறம் ஒரு பாட்டு, பாட்டு முடிந்தால் விளம்பரம், விளம்பரம் முடிந்தால் கல்யாணப் பந்தி. சென்னியப்பனுக்கு அந்தப் படம் சொந்த வீடு மாதிரி, இருட்டிலும் சுவிட்ச் எங்கே என்று தெரியும். ஜனங்கள் பார்த்த படத்தையே ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் பெரிய விவாதம் நடந்தது, பொழுது போகாதவன் பார்க்கிறான் என்றார் கணக்கு வாத்தியார். அவருக்கு என்ன தெரியும். நாளைக்கு என்ன வரும் என்று தெரியாத பிழைப்பில், அடுத்தது இதுதான் வரும் என்று அடித்துச் சொல்ல ஒரு இடம் வேண்டியிருக்கிறது, சொன்னது சொன்னபடி வந்தால் மனிதனுக்கு ஒரு தெம்பு. அர்த்தநாரியைப் பாருங்கள், இரண்டு மாநிலத்தில் வண்டி ஓட்டுகிறவர், எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று அவருக்கே தெரியாது, ஆனால் பானை உடையும் நொடி தெரியும், “உடைஞ்சுதா!” என்று குழந்தைமாதிரி பூரிக்கிறார். அது போக, பார்க்கப் பார்க்கப் புதிதாகவும் ஏதாவது அகப்படும். பந்திக் காட்சியில் சென்னியப்பன் முதலில் தன்னை மட்டும்தான் பார்த்தார், பல வருஷம் அப்படித்தான். பிறகொரு நாள் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த கூட்டாளி செங்கோடனைப் பார்த்தார். இவருக்கு அறை விழுகிறது, உலகமே சிரிக்கிறது, செங்கோடன் குனிந்த தலை நிமிராமல் ரசத்தைப் பிசைந்துகொண்டிருக்கிறான். சிநேகிதன் என்றால் அவனல்லவா சிநேகிதன்! அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் சென்னியப்பனுக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்கு, அதாவது படம் எடுத்த அன்றைக்கு, காலேஜ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் கோபிச் சுற்று வட்டாரத்தில் திரிந்துகொண்டிருந்த காலம். வயலும் வாய்க்காலும் இருக்கிறதென்று சினிமாக்காரர்கள் வந்து இறங்குவார்கள், கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பார்கள், பந்தியில் உட்கார்ந்தால் சாப்பாடு போடுவார்கள் என்று செங்கோடன்தான் இழுத்துக்கொண்டு போனான். காலையிலிருந்து இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இலை நிறையச் சோறு, பொரியல், பாயசம், ஒன்றிலும் கை வைக்கக் கூடாது, வைத்தால் அடுத்த ஷாட்டில் இலை மாறிவிடும் என்று ஒருத்தன் கம்போடு காவல் நின்றான். எல்லார் இலையிலும் அப்பளம் இருந்தது, சென்னியப்பன் இலையில் மட்டும் இல்லை. வைக்க மறந்துவிட்டார்கள். பசியில் அவருக்கு அந்த இல்லாத அப்பளத்தின் மேலேயே கண். கதைப்படி சமையல்காரனாக வரும் சிரிப்பு நடிகர் மத்தாப்பு மகாலிங்கம் யார்மேலோ உள்ள ஆத்திரத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் ஒருவனை அறைய வேண்டும், ஒத்திகை பார்க்க உதவி டைரக்டர் ஒருத்தர் வந்தார், கையை ஓங்கி, நீ இப்படித் தலையைத் திருப்பிக்கணும், கை மேலே படாது, புரியுதா என்று நாலைந்து தடவை சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்த அந்த மனுஷன் பீச்சாங்கைக்காரர், இடது கையைத்தான் ஓங்கினார். அது அவருக்கும் நினைவில்லை, இவருக்கும் உறைக்கவில்லை. கேமரா ஓடியது, மகாலிங்கம் வலது கையை ஓங்கினார், சென்னியப்பன் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காகத் தலையைத் திருப்பினார், வருகிற கைக்கு நேராக. பந்தலே அதிர்ந்தது. மகாலிங்கத்தின் கண்ணில் ஐயோ என்று ஒரு மிரட்சி ஓடியது, அதுவும் படத்தில் இருக்கிறது, இப்போது பார்த்தாலும் தெரியும். இவருக்குக் காதில் ங்ஙொய் என்றது. வசனம் என்று ஒரு சொல்லும் தரவில்லை, அறை வாங்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியது, ஆனால் ஓங்கிய கையோடு திகைத்து நிற்கும் அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாய் தானாகச் சொல்லிவிட்டது: “அடி வந்துருச்சுங்க. அப்பளந்தான் இன்னும் வரலீங்களே.”

சொல்லிவிட்டு அவர் நடுங்கினார், படச்சுருள் வீணாகிவிட்டதென்று உதைப்பார்கள் என்று நினைத்தார். டைரக்டர் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார். அப்புறம் குரல் சேர்க்கும்போது மெட்ராஸில் யார் யாரையோ பேச வைத்துப் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தனுக்கும் அந்த ‘ங்க’ வரவில்லை. அறை வாங்கிய வாயிலிருந்து மரியாதை குறையாமல் வருகிற ‘ங்க’ எங்கள் சீமையில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் வரும். கடைசியில் ரயில் சார்ஜ் கொடுத்து இவரையே கூப்பிட்டனுப்பினார்கள். படம் வந்தது. பெற்ற அய்யன் ஒரு மாதம் பேசவில்லை, “ஊரு பாக்க அறை வாங்கிட்டு வந்து நிக்கறான்” என்று மாட்டிடம் சொன்னார். ஊர் என்ன செய்தது? ஊர் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டது. தேர்தல் வந்துருச்சுங்க, தண்ணிதான் இன்னும் வரலீங்களே. மாப்பிள வந்துட்டாருங்க, மோதரந்தான் வரலீங்களே. ஒருமுறை வாத்தியார்கள் சம்பள உயர்வு கேட்டு ஈரோட்டில் ஊர்வலம் போனார்கள், இவரும் போனார், முன்னால் போன ஒரு பெண் பிடித்திருந்த அட்டையில் “ஆணை வந்துருச்சுங்க, பணந்தான் இன்னும் வரலீங்களே” என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. யார் சொன்னது என்று அவளுக்குத் தெரியாது, பழமொழி மாதிரி அவள் பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே வெயிலில் நடந்த சென்னியப்பனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, தமிழ்நாட்டுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறேன், எத்தனை பேரால் சொல்ல முடியும், கவர்னர் சொல்ல முடியுமா, கலெக்டர் சொல்ல முடியுமா. இப்போது செல்போனில் வேறு அவர் கன்னத்தைப் பிடித்த படத்தைப் போட்டு ஆளுக்கொன்று எழுதி அனுப்புகிறார்கள், அவருக்கே அவரை அனுப்புகிறார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

விளம்பரம் வந்துவிட்டது. பல்பொடி, சிமெண்ட், நகைக்கடை. பையனின் அம்மா ஈஸ்வரி உள்ளேயிருந்து வந்து தண்ணீர்ச் சொம்பை வைத்தார், சத்தம் வராமல் நடக்கிற அம்மா, வந்ததிலிருந்து அவர் பேசி யாரும் கேட்கவில்லை. “சாப்பாடு தயாருங்க, பேசி முடிச்சுட்டா எலை போட்டரலாம்” என்றார் அர்த்தநாரி. முடியட்டுமுங்க, முடிஞ்சாத்தான கை நனைக்கறது என்று வசந்தாமணி சிரித்துச் சொன்னாள், சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் சோற்றில் கை வைப்பதில்லை, அது வழக்கம். உள்ளே எண்ணெய் காய்கிற வாசனை வந்தது. தாரணி இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஸ்கூலில் ஒருத்தன் அப்பளத்து மக என்று கூப்பிட்டானாம், அவன் சட்டையைக் கிழித்துவிட்டு, அழுதுகொண்டே வந்தாள், அன்றிலிருந்து பந்திக் காட்சி வந்தால் எழுந்து போய்விடுவாள். ஒருநாள் எட்டிப் பார்த்தார், சமையலறையில் சுவரோரமாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். வெட்கமா, அப்பன் அடி வாங்குகிற சத்தம் கேட்கச் சகிக்கவில்லையா, அவர் கேட்கவில்லை. கேட்டு, வெட்கம்தான் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. வசந்தாமணியும் அப்படித்தான், அவள் எழுந்து போகமாட்டாள், ஆனால் சிரிக்கவும் மாட்டாள், காய் நறுக்குவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பாள். கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் அந்தக் காட்சியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரெல்லாம் மெச்சியும் வீட்டில் இரண்டு பேர் மெச்சவில்லை என்றால் அந்தப் பெருமைக்கு உப்பில்லை. படத்தில் அறை மாறாது, அது தவறாமல் வந்து விழும், அதற்கப்புறம் இந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. எழுந்து கக்கூஸ் எங்கே என்று கேட்டுப் போய்விடலாமா என்று ஒருகணம் தோன்றியது, தன் முகத்துக்குப் பயந்து தானே ஒளிவதா என்று கால் எழவில்லை.

நாதஸ்வரம் ஒலித்தது. பந்தி. “வந்துட்டான் பாருங்க நம்ம ஆளு!” என்று அர்த்தநாரி ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினார், ஈஸ்வரியும் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றுகொண்டார், அந்த வீட்டில் இந்த இடம் வந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து நிற்பது பழக்கம் போலிருக்கிறது. வசந்தாமணி சென்னியப்பனின் முழங்கையைக் கிள்ளினாள். மகாலிங்கம் கரண்டியைப் போட்டுவிட்டு வருகிறார், சுருட்டை முடிக்காரன் இலையையும் பக்கத்து இலையையும் மாறி மாறிப் பார்க்கிறான், ஓங்கிய கை வருகிறது, பளார். சென்னியப்பனின் இடது கன்னம் இப்போதும் சிலிர்த்தது, ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். அர்த்தநாரி படத்தை முந்திக்கொண்டு, “அடி வந்துருச்சுங்க…” என்று இழுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சென்னியப்பனின் நெஞ்சு விம்மியது, சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும், இவ்வளவு பெரிய மனிதரை ஞாயிற்றுக்கிழமைதோறும் சிரிக்க வைப்பது நான். அப்போதுதான் அர்த்தநாரி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கறதில்லீங்க. அறை வாங்கறான், வாங்கிட்டு மருவாதியா வேற பேசறான். ரோசமிருக்கறவன் செய்யற வேலையா? எந்தத் தெருவுல நின்னவனப் புடிச்சுட்டு வந்தாங்களோ. இவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குமுங்க, அதுக நாலு பேரு மத்தியில எப்படித் தலைகாட்டுமோ.” ஆமாமுங்க என்று சொன்னால் போதும். ஒரு சொல். சொன்னால் இலை போடுவார்கள், தாரணிக்குத் தாலி ஏறும். சொல்லிவிடு சென்னியப்பா, மீசையையே எடுத்துவிட்டாய், ஒரு ஆமாம் என்ன பிரமாதம். திரையில் அந்தப் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்தான், வேலை இல்லாதவன், பசியோடிருந்தவன், ஆனால் வாங்கிய அடியை யார்மேலும் திருப்பாதவன், அவனை யாரென்று தெரியாது என்று எப்படிச் சொல்வது. அவனைக் கைவிட்டுவிட்டு எந்த முகத்தோடு மகள் கல்யாணத்தில் நிற்பது.

“நல்லாத் தலைகாட்டுதுங்க” என்றார் சென்னியப்பன். அர்த்தநாரி திரும்பினார். “நாந்தானுங்க அவன். என்ற பொண்டாட்டி இதா ஒக்காந்திருக்கறா. என்ற பொண்ணத்தானுங்க உங்க பையனுக்குக் கேட்டிருக்கறீங்க.” அர்த்தநாரி டிவியைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார். ரிமோட்டை அமுக்கினார், சத்தம் நின்றது. போச்சு, என்று சென்னியப்பனுக்குள் என்னவோ கீழே இறங்கியது, தாரணி, கண்ணு, உங்கப்பன் வாயைப் பார்த்துக்கொள்ளவில்லை கண்ணு. ஆனாலும் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது, அதை வளைக்க முடியவில்லை. வசந்தாமணி பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. அவள்தான் பேசினாள். “சொல்லக் கூடாதுன்னு மீசைய எடுக்க வெச்சது நாந்தானுங்க. உங்களுக்குப் புடிக்காமப் போயிருமோன்னு. ஆனா இப்படிச் சொன்னதுக்கப்பறம் நானும் சொல்லிப்போடறனுங்க” என்றாள். “இவரு ஜாதகம் வந்தப்ப எங்கூட்ல எல்லாருஞ் சிரிச்சாங்க, அப்பளத்துக்காரனான்னு. நான் என்ற சித்தியக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தப் படத்த இன்னொருக்காப் பாத்தனுங்க. எங்கப்பன் எங்கம்மாளக் கை நீட்டாத நாளில்லீங்க. அடி வாங்கிட்டு அதத் திருப்பிக் குடுக்காத, அடிச்சவன ஒரு வார்த்த கொறச்சுப் பேசாத ஆம்பளைய அந்தச் சினிமாக் கொட்டாயிலதானுங்க மொதமொதல்ல பாத்தேன். இந்தக் கை பொண்டாட்டி மேல ஓங்காதுன்னு அங்கியே முடிவு பண்ணிப்போட்டேன். இன்னிக்கு வரைக்கும் ஓங்குனதில்லீங்க.”

நிலைப்படியில் நின்ற ஈஸ்வரி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். புருஷனைக் கேட்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை, நேராக வசந்தாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்பேர்ப்பட்ட ஊட்டுப் பொண்ணு எங்கூட்டுக்கு வரட்டுமுங்க” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். அர்த்தநாரி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மரியாதையாக இறக்கி விட்டுக்கொண்டார். பிறகு ஒரு சின்னப் பையனின் குரலில், “ஏனுங்க, நெசமாவே அறைஞ்சுபோட்டானுங்களா அந்த மகாலிங்கம்? கை பட்டுதுங்களா?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்குச் சென்னியப்பனிடம் கால் மணி நேரம் சொல்ல விஷயம் உண்டு, எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகச் சொன்னதுதான். இப்போது அவர் காதில் அது விழவேயில்லை. அவர் வசந்தாமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.